விளிம்பில் பல் வெட்டிய வெள்ளிக் காசு

எடை 3.84 கிராம். குறுக்களவு 19 மில்லிமீட்டர். கொஞ்சம் திருப்பி அளந்தால் 18.2, ஏனென்றால் சரியான வட்டம் இல்லை. விளிம்பைச் சுற்றி ரம்பப் பல் போல வெட்டுகள், எண்ணியதில் 23. தலைப்பக்கத்தில் வலது நோக்கிய முகம். பூப்பக்கத்தில் கோல் பிடித்த ஓர் ஆள், அவன் எதிரே நாலுகால் பிராணி ஒன்று.

முதல் நாள் என் நோட்டில் எழுதியது இவ்வளவுதான். இதை மட்டும் நம்பித் தேடியிருந்தால் ஒரே மாலையில் வேலை முடிந்திருக்கும். எனக்கு மூன்று வாரம் பிடித்தது. எங்கே வழி தவறினேன் என்பதையும் விடாமல் எழுதுகிறேன். பழைய காசு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இதே வேலையில் இறங்குகிறவருக்கு அந்தப் பகுதிதான் அதிகம் பயன்படும்.

இங்கிலாந்தில் நான் இருக்கும் ஊரில் மாதம் ஒருமுறை பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒருவர் பிஸ்கட் தகர டப்பா நிறையக் காசுகளை வைத்திருந்தார். பாதி தாள் உறைகளில் இருந்தன, பாதி வெளியே கொட்டிக் கிடந்தன. எந்த உறை எந்தக் காசுக்கு உரியது என்று யாருக்கும் தெரியாதபடி கலந்து போயிருந்தது. இந்தக் காசு இருந்த உறையில் பென்சிலால் ‘ரோமன்?’ என்று ஒரே ஒரு சொல். யார் எழுதியது, எந்த மண்ணிலிருந்து வந்தது, எதுவும் இல்லை. ஒரு காசின் பாதிக் கதை அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. அந்தப் பாதி இதற்குப் போய்விட்டது என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தராசைச் சோதித்தேன். அதிக விலை இல்லாத, 0.01 கிராம் வரை காட்டும் நகைத் தராசு. எடைக்கல் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். தேயாத புதுப் பென்னி ஒன்று போதும். பிரிட்டிஷ் ஒரு பென்னி 3.56 கிராம், குறுக்களவு 20.3 மில்லிமீட்டர். மூன்று பென்னிகளை வைத்துப் பார்த்ததில் தராசும் காலிப்பரும் சரியாகவே காட்டின. அதற்குப் பிறகுதான் நம் காசை வைத்தேன்.

அடுத்தது அழுக்கு. பழைய பிளாஸ்டிக் உறையில் எப்போதோ கிடந்திருக்க வேண்டும்; ஒரு பக்கம் பச்சையாக, தொட்டால் பிசுபிசுப்பாக இருந்தது. அம்மாவிடம் போனில் சொன்னபோது, “கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடுமேடா” என்றார். குத்துவிளக்குக்கு அது சரி. 2,000 வருடக் காசைத் தேய்த்தால் அழுக்கோடு எழுத்தும் போகும். கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோன் ஊற்றிக் காசை ஒரு மணி நேரம் ஊறவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு இருக்கும் அறைக்கு வெளியே செய்தேன், ஏனென்றால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். பிறகு புது அசிட்டோனில் ஒருமுறை, டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை அலசி, துடைக்காமல் டிஷ்யூ தாளில் ஒற்றி எடுத்தேன். பிசுபிசுப்பு போயிற்று. பள்ளங்களில் படிந்த கறுப்பு அப்படியே நின்றது. அது நிற்கட்டும். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் உருவத்தின் கோடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

சரி, இப்போது அடையாளம்.

ரோமானியக் காசு என்றாலே எனக்குச் சிறு வயதிலிருந்து மனதில் இருப்பது எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்தவைதான். தமிழ்நாட்டில் கரூர் போன்ற இடங்களில் கிடைக்கும் ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதி அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களுடையது. அதனால் தலைப்பக்கத்து முகம் என்றால் பேரரசர் முகம் என்று என் கண் பழகியிருந்தது. முதல் இரண்டு மாலைகளை ‘ஓக்ரே’ தரவுத்தளத்தில் செலவழித்தேன். அகஸ்டஸ் தொடங்கிப் பேரரசுக் காசுகளுக்கு அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் நல்ல தளம் அது. எதுவும் ஒத்துவரவில்லை. வரவும் வராது. உருப்பெருக்கியில் பார்த்தால் என் காசின் தலையில் இலைமாலை இல்லை. தலையில் ஏதோ அணிந்திருக்கிறது, அதில் ஒரு சிறகு.

சிறகைப் பார்த்ததும் குடியரசுக் காலம் என்று தெரிந்துவிட்டது. பேரரசர்களுக்கு முன்னால், தெனாரியஸ் என்ற வெள்ளிக் காசு கி.மு. 211 வாக்கில் தொடங்கியதிலிருந்து நெடுங்காலம் அதன் தலைப்பக்கத்தில் இருந்தது ரோமா தெய்வம், சிறகு வைத்த தலைக்கவசத்தோடு. அப்புறம் பூப்பக்கத்தைத் திருப்பினேன். கோலோடு ஓர் ஆள், ஒரு விலங்கு. எங்கோ படத்தில் பார்த்த ஞாபகம் உடனே வந்தது. கி.மு. 137-இல் செக்ஸ்டஸ் பொம்பேயஸ் என்ற நாணய அதிகாரி வெளியிட்ட தெனாரியஸில், ரோமை நிறுவியதாகக் கதை சொல்லும் ரோமுலஸ், ரீமஸ் இரட்டையருக்குப் பெண் ஓநாய் பால் கொடுக்கும். இடது பக்கம் ஃபாஸ்டுலஸ் என்ற இடையன் கோலோடு நிற்பான். பின்னால் அத்தி மரம். என் காசில் இடது ஓரத்தில் ‘எம்’ என்ற லத்தீன் எழுத்து ஒன்று தெளிவாக இருந்தது. அந்தக் காசில் ‘பொம்’ என்று எழுதியிருக்கும். போதாதா? கண்டுபிடித்துவிட்டேன் என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த முடிவைக் காப்பாற்றுவதிலேயே போயிற்று. ஓநாயின் வயிற்றுக்குக் கீழே குழந்தைகள் இல்லையே? தேய்மானம். மரம்? தேய்மானம். அந்தக் காசில் ரோமாவின் முகவாய்க்குக் கீழே பத்து என்ற மதிப்பைக் குறிக்கும் ‘எக்ஸ்’ இருக்க வேண்டும், இல்லை. அதுவும் தேய்மானம். பூப்பக்கத்தில் கீழே ‘ரோமா’ என்று எழுதியிருக்க வேண்டும்; இல்லை. அச்சு விலகி விழுந்திருக்கும். தலைக்குப் பின்னால் ஒரு குடம் இருக்க வேண்டும். என் காசில் அங்கே ஏதோ மங்கலாகத் தெரிந்தது, அதைக் குடம் என்றே வைத்துக்கொண்டேன். விளிம்பு வெட்டுகள்? யாரோ பின்னாளில் பதக்கமாக்க அரத்தால் ராவியிருப்பார்கள்.

பத்தாம் நாள் நோட்டைப் படித்தபோது ‘தேய்மானம்’ என்ற சொல் ஒரே பக்கத்தில் மூன்று முறை இருந்தது. அப்போதுதான் உறைத்தது. விலங்கின் முன்கால்கள் மயிரிழைக் கோடாகத் தெளிவாக நிற்கின்றன. அதன் விலாவில் எலும்பு வரிகூடத் தெரிகிறது. அதற்கு அரை மில்லிமீட்டர் தள்ளி இருந்த இரண்டு குழந்தைகள் மட்டும் தடயமில்லாமல் தேய்ந்து போக முடியாது. காசில் மேடான இடம் முதலில் தேயும், பள்ளம் கடைசியில் தேயும். பக்கத்துப் பக்கத்தில் ஒரே உயரத்தில் உள்ளவை சேர்ந்துதான் தேயும். குழந்தைகள் அங்கே தேயவில்லை. அவை அங்கே இருந்ததே இல்லை.

அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை பெயர் எதையும் தேடாமல், கண்ணில் படுவதை வரைவது என்று வைத்துக்கொண்டேன். இரவில் விளக்கை அணைத்து, காசைக் கறுப்புத் துணியில் வைத்து, சின்ன டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பிடித்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மேடுகள் நிழல் போடும். கடிகார முள் போல டார்ச்சை எட்டு இடங்களில் நிறுத்தி, போனை ஒரு ஸ்டாண்டில் அசையாமல் வைத்து எட்டுப் படங்கள் எடுத்தேன். பிறகு ஒவ்வொரு படத்தின் மேலும் டிரேசிங் தாளை வைத்து, நிச்சயமாகத் தெரிந்த கோட்டை மட்டும் வரைந்தேன். ஊகித்த கோட்டுக்கு இடமில்லை. எட்டுத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.

தலைப்பக்கத்தில் இருப்பது கவசம் இல்லை, தொப்பி. கவசத்துக்கு உரிய கொண்டையும் முகமறைப்பும் இல்லை. விளிம்பு தட்டையாக வெளியே நீள்கிறது. தோளுக்குப் பின்னால் ஒரு தண்டு, அதன் நுனியில் பின்னிக்கொண்ட இரண்டு வளையம். சிறகுத் தொப்பி, பாம்பு பின்னிய கோல்: மெர்க்குரி, கிரேக்கர்களின் ஹெர்மிஸ். நான் குடம் என்றது ஒரு லத்தீன் எழுத்தின் கீழ்ப்பாதி.

பூப்பக்கத்தில் ஆள் நிற்கவில்லை, நடந்து வருகிறான். தலையில் கூம்புக் குல்லாய், உடலில் குட்டையான ஆடை. கோல் இடது கையில். வலது கை முன்னால் நீண்டிருக்கிறது, உள்ளங்கை விலங்கை நோக்கி. விலங்கு அவனைப் பார்த்து நிற்கிறது; தலையை நன்றாக நிமிர்த்தி, முகத்தை அந்தக் கைக்குக் கொடுக்கிறது.

ஓநாய் அப்படி நிற்காது. எங்கள் ஊர் வீட்டில் நாய் வளர்த்த யாருக்கும் அந்த நிலை தெரியும். வெளியூர் போய் வந்தவரை வாசலில் பார்த்ததும் நாய் நிற்கும் விதம் அது.

எழுத்துகளும் இப்போது கூடின. இடது பக்கம் ‘எம்’முக்குப் பிறகு ‘ஐ’, ‘எல்’. வலது பக்கம் ‘எல், ஐ, எம்’ என்று தொடங்குகிறது. ஓக்ரேக்குக் கூடப்பிறந்தது போலக் குடியரசுக் காசுகளுக்கு ஒரு தளம் இருக்கிறது; மைக்கேல் கிராஃபோர்டு 1974-இல் வெளியிட்ட பெரிய அட்டவணையின் எண்களை அடிப்படையாகக் கொண்டது. பொறிப்பில் ‘மில்’ வரும் காசுகளைத் தேடினேன். எமிலியஸ் குடும்பத்துக் காசு வந்தது. அதில் வளைவுகளின் மேல் குதிரைவீரன், நமக்கு ஆகாது. கீழே இறங்கினால் கிராஃபோர்டு எண் 362, கி.மு. 82, ரோம் நகரத்து அச்சுச் சாலை. ‘சி மாமில்’, ‘லிமெட்டான்’. காயஸ் மாமிலியஸ் லிமெட்டானஸ். பூப்பக்கம்: யுலிசிஸ் தன் நாய் ஆர்கஸை நோக்கிக் கை நீட்டுகிறான்.

கூடவே இன்னொரு வரி: ‘செர்ராட்டஸ்’. விளிம்பில் பல் வெட்டியது. யாரும் ராவவில்லை. பிறக்கும்போதே அது அப்படித்தான்.

கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. ஹோமரின் ஒடிசியில் பதினேழாம் பாகத்தில் வரும் காட்சி இது. யுலிசிஸ் என்று ரோமர்கள் அழைத்த ஒடிசியஸ் இருபது வருடம் கழித்து, பிச்சைக்காரன் வேடத்தில் சொந்த வீட்டு வாசலுக்கு வருகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. சாணக் குவியலின் மேல் உண்ணி மொய்க்கப் படுத்திருக்கும் கிழ நாய்க்குத் தெரிகிறது. வாலை ஆட்டுகிறது, காதைத் தாழ்த்துகிறது, எழுந்து வர முடியவில்லை. வேடம் கலைந்துவிடும் என்பதால் அவனும் அதைத் தொட முடியாமல், கண்ணீரை மறைத்துத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறான். நாய் செத்துப் போகிறது. காசில் மட்டும் நாய் எழுந்து நிற்கிறது, அவன் கையை நீட்டுகிறான். அச்சு வெட்டிய கைவினைஞர் அவர்கள் இருவருக்கும் அந்தத் தொடுதலைக் கொடுத்திருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு ரோமானிய அதிகாரி ஏன் கிரேக்கக் கதையைக் காசில் வைத்தார் என்றால், அவருக்கு அது குடும்பக் கதை. அந்தக் காலத்தில் காசு வெளியிடும் பொறுப்பு ஆண்டுதோறும் மூன்று பேரிடம் இருந்தது. பெரும்பாலும் அரசியலில் அடியெடுத்து வைக்கும் இளைஞர்கள். அவர்கள் தங்கள் குலப்பெருமையைக் காசில் பொறித்துக்கொண்டார்கள். மாமிலியஸ் குடும்பம் ரோமுக்குத் தென்கிழக்கே அல்பன் மலைப்பகுதியிலுள்ள டஸ்குலம் என்ற ஊரைச் சேர்ந்தது. யுலிசிஸுக்கும் மந்திரக்காரி சிர்சேக்கும் பிறந்த டெலிகோனஸ்தான் டஸ்குலத்தை நிறுவியவன், அவன் மகள் மாமிலியா வழி வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் சொல்லிக்கொண்டது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே குடும்பத்து லூசியஸ் மாமிலியஸ் என்பவர் பெயரில் வந்த வெண்கலக் காசிலும் யுலிசிஸ் உண்டு. மெர்க்குரியும் உறவுதான். யுலிசிஸின் தாய்வழித் தாத்தா ஆட்டோலிக்கஸ் அந்தத் தெய்வத்தின் மகன்.

டெலிகோனஸ் கதைக்கு ஒரு கசப்பான முடிவு உண்டு. யாரென்று தெரியாமலே அவன் தன் தகப்பனைக் கொன்றுவிடுகிறான். குலத்தின் மூலம் அந்த மகன். ஆனால் காசில் வந்திருப்பது மகனும் இல்லை, சிர்சேயும் இல்லை. முதல் பார்வையிலேயே ஆளை அடையாளம் கண்டுகொண்ட நாய் வந்திருக்கிறது. கி.மு. 82 ரோமுக்கு உள்நாட்டுப் போர் ஆண்டு. நவம்பரில் நகரத்தின் கொல்லைன் வாயிலிலேயே தளபதி சுல்லாவின் படையும் எதிர்ப்படையும் மோதின. அப்படிப்பட்ட ஆண்டில் வீடு திரும்புகிறவன் ஒருவனின் படம் மக்கள் கைகளில் புழங்கியிருக்கிறது.

இனி இது அசலா என்று பார்க்க வேண்டும். ரோமானியர் காலத்திலேயே செப்புத் துண்டுக்கு மேல் வெள்ளித் தகடு போர்த்தி அடித்த போலிகள் ஏராளம். விளிம்பை வெட்டியதே உள்ளே செம்பு இல்லை என்று காட்டத்தான் என்று ஒரு பழைய விளக்கம் உண்டு. ஆனால் பல் வெட்டிய காசுகளிலேயே முலாம் போலிகள் கிடைத்திருக்கின்றன. முதலில் வெட்டிவிட்டுப் பிறகு வெள்ளி போர்த்தினால் வெட்டுக்குள்ளும் வெள்ளிதான் தெரியும். ஆகவே வெட்டுக்குள் எட்டிப் பார்த்தது மட்டும் போதாது. எட்டிப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது: வெட்டுகளின் வாய் இரண்டு பக்கமும் நசுங்கி உள்ளே ஒடுங்கியிருக்கிறது. உளியால் வெட்டிய பிறகு அச்சில் வைத்து அடித்ததால் உலோகம் வழிந்த அடையாளம் அது. அரத்தால் ராவியிருந்தால் இணையான கீறல்கள் இருக்கும், வாய் கூராக நிற்கும்.

அடுத்து ஒப்படர்த்தி பார்த்தேன், அதாவது அதே கன அளவுத் தண்ணீரைப் போலக் காசு எத்தனை மடங்கு எடை என்று. சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து அளவைப் பூஜ்யமாக்க வேண்டும். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுதாக மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. முதல் அளவு 0.40. வகுத்தால் 9.6. சுத்த வெள்ளிக்கு 10.49, செம்புக்கு 8.96. முலாம் காசுதானோ என்று மனசு விட்டுப்போயிற்று.

பிறகு கிண்ணத்தைக் கண்மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தேன். வெட்டுகள் ஒவ்வொன்றிலும் கடுகு போலக் காற்றுக் குமிழி உட்கார்ந்திருந்தது. பல் வெட்டிய காசில் இது வரும் என்று யோசித்திருக்க வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, மென்மையான தூரிகையால் குமிழிகளைத் தட்டிவிட்டு மறுபடி அளந்தேன். ஐந்து முறையில் நான்கு முறை 0.37, ஒரு முறை 0.36. 0.37-க்கு 10.38 வருகிறது. இந்தத் தராசில் 0.01 தவறினால்கூட 10.1-க்கும் 10.7-க்கும் நடுவில்தான் நிற்கும். உள்ளே செம்பு இருந்தால் 0.42 பக்கம் காட்டியிருக்கும். எடையும் ஒத்துப்போகிறது: ஒரு ரோமானிய பவுண்டுக்கு 84 தெனாரியஸ் என்ற கணக்கில் ஒன்று ஏறக்குறைய 3.86 கிராம்.

வார்ப்புப் போலிக்கு உரிய விளிம்புத் தையலோ மேற்பரப்புக் குழிகளோ இல்லை. மெர்க்குரியின் கன்னத்தில் பிறை போல ஒரு சின்னக் குத்து மட்டும் இருக்கிறது. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். காசு மாற்றுகிறவர்கள் சோதித்துப் பார்த்துக் குத்திய முத்திரை, குடியரசுக் காசுகளில் சாதாரணமாகக் காணப்படுவது. நம் நாட்டு முத்திரைக் காசுகளிலும் வணிகர்கள் பின்னால் குத்திய இப்படிப்பட்ட சிறு குறிகள் உண்டு. பல் வெட்டிய காசுகளுக்கு வெளியிலும் மதிப்பு இருந்தது. ஜெர்மானியர்கள் பல் வெட்டியதையும் இரட்டைக் குதிரைத் தேர் பொறித்ததையும்தான் விரும்பி வாங்குவார்கள் என்று நூறு வருடத்துக்கு மேல் கழிந்த பின் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் படங்களோடு என் எட்டுத் தாள்களையும் வைத்துப் பார்த்தேன். தொப்பி விளிம்பு, கோல், நாயின் நிமிர்ந்த கழுத்து எல்லாம் பொருந்துகின்றன. புது உறையில் கிராஃபோர்டு 362/1, 3.84 கிராம், ஒப்படர்த்தி 10.4, சந்தையில் வாங்கிய நாள் எல்லாம் எழுதி, பென்சிலால் ‘ரோமன்?’ என்று எழுதிய பழைய உறையையும் அதற்குள்ளேயே மடித்து வைத்தேன். மெர்க்குரியின் தலைக்குப் பின்னால் உள்ள எழுத்து அச்சை அடையாளம் காட்டும் குறி. அதில் கீழ்ப்பாதி மட்டும் தெரிகிறது: ஒரு நேர்க்கோடு, அதன் அடியில் ஒரு சிறு அடிக்கோடு. ‘ஐ’ (I), ‘பி’ (P), ‘எஃப்’ (F) மூன்றுக்கும் அது பொருந்தும். ஒன்பதாவது டிரேசிங் தாளை அந்த மூலைக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன்.